நானா வைத்திருந்த இரண்டாம் பாகம்

பினாங்கில் புத்தகம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதற்கு விஷம் பூசித்தான் வைத்திருந்தார்கள். வேறு வழி இல்லை. கரப்பான் அட்டையிலுள்ள பசையைத் தின்னும். ராமபாணப் பூச்சி தாளைத் தின்னும். அவை விட்டுவைத்ததை ஈரம் பார்த்துக்கொள்ளும். ஆகவே புதிதாக ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்ததும் முதலில் அது கட்டுக்காரரிடம் போகும். அவர் பழைய அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மூன்று ஓரங்களையும் கத்தியால் சமமாக வெட்டி, கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து பதித்துத் தருவார். அது திரும்பி வந்ததும், பாதரச உப்பையும் அரக்கையும் ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்த வார்னிஷை மேலே பூசுவோம். காய்ந்தபின் புத்தகம் பளபளவென்று இருக்கும். அதைத் தொட்ட விரலை மட்டும் வாயில் வைக்கக் கூடாது.

நான் மருந்து கலக்கும் பயிற்சியை முடித்து, பினாங் ரோட்டில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டு வார்னிஷைக் கலப்பது என் பொறுப்பாயிற்று.

“புள்ளைய இவ்வளவு படிக்க வெச்சது கரப்பானுக்கு வைத்தியம் பாக்கத்தானா?” என்று அம்மா கேட்பார். அப்பா பூசிக்கொண்டிருப்பார்.

அப்பா பொருளாதார நூல்களின் முதல் பதிப்புகளைச் சேர்ப்பவர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மற்ற வீட்டு அப்பாக்கள் சேவல் வளர்த்தார்கள், தபால்தலை ஒட்டினார்கள், குதிரைப் பந்தயத்துக்குப் போனார்கள். கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் அப்பா மட்டும், எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர்கள் விலையையும் கூலியையும் வாடகையையும் பற்றி எழுதிய தடித்த நூல்களைத் தேடி அலைந்தார். அதுவும் முதன்முதலில் அச்சான பிரதியே வேண்டும். அதே நூல் புதிதாக, மலிவாக, நல்ல எழுத்தில் கடையில் கிடைத்தாலும் போதாது.

“ஏன்ப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பேரு கெடச்சப்பறம் மனுசன் திருத்திடுவான்மா. பயந்துகிட்டு கொஞ்சம் எடுத்துடுவான். மொத அச்சுலதான் அவன் நெசமா என்ன நெனச்சான்னு தெரியும்.”

அவருக்கு அது விளையாட்டு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் விலை விழுந்த வருடங்களில் தோட்டங்களில் வேலை இல்லாமல் போன ஆட்களைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பயணிகளின் பெயர்களைத் தட்டச்சு செய்தது அப்பாவின் மேசை. “வா வான்னு கூட்டிட்டு வந்தாங்க, இப்ப போ போங்கிறாங்க. நடுவுல என்னதான் நடந்துச்சுன்னு எவனாவது எழுதி வெச்சிருப்பான்ல” என்பார். அந்த எவனையோதான் தேடிக்கொண்டிருந்தார். தேடியவர் கண்டுபிடித்த புத்தகங்களைப் படித்தாரா என்றால், இல்லை. முதல் பதிப்பை விரித்தால் முதுகு உடைந்துவிடும் என்று பயம். பூசி, காயவைத்து, என் அறையில் இருந்த கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்தார். நான் அந்த வார்னிஷ் நாற்றத்தில் தூங்கினேன்.

நூலாசிரியர்களின் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையவில்லை; ஆகவே வீட்டில் எல்லோருக்கும் வேறு பெயர். நிலத்துக்கு வாடகை எங்கிருந்து வருகிறது என்று எழுதியவர் வாடகைக்காரர். ஜனம் பெருகினால் உணவு போதாது என்று பயமுறுத்தியவர் சோத்துக்காரர். மழை நாட்களில், “இந்தாங்க, சோத்துக்காரர் மேல தண்ணி சொட்டுது” என்று அம்மா கூப்பிட்டால், அப்பா ஈரத் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவருவார். இவர்கள் எல்லோருக்கும் மேலே, இரண்டு பாகங்களில் ஒரு நூல் எழுதிய ஒருவர் இருந்தார். அவர் பெரியவர். இந்தக் கதை பெரியவரைப் பற்றியது.

பெரியவர் எங்கள் கைக்கு வந்தது கெலுகோரில் நடந்த ஒரு லெலோங்கில். துரைமார் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவதற்கு இங்கே லெலோங் என்று பெயர். அன்று ஒரு தென்னந்தோட்டத்துத் துரையின் பங்களாவில், கட்டிலிலிருந்து கெட்டில் வரை எல்லாம் வராந்தாவில் பரப்பியிருந்தது. புத்தகங்களை ஏலக்காரரின் ஆள் பிரம்பு நாரால் கட்டுக் கட்டாகக் கட்டிவைத்திருந்தான். அவன் தலைப்பைப் பார்க்கிறவன் இல்லை. தடித்தது அடியில், மெலிந்தது மேலே, அப்போதுதான் கட்டு சாயாது. அவ்வளவுதான் அவன் கணக்கு. பெரியவரின் இரண்டு பாகங்களும் தடித்தவை. அதனால் ஒன்று ஒரு கட்டின் அடியிலும், மற்றது வேறொரு கட்டின் அடியிலும் போய் உட்கார்ந்துவிட்டன.

அப்பா முதல் கட்டை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். நார் அறுத்துப் பார்த்தால் முதல் பாகம் இருக்கிறது, இரண்டாவது இல்லை. அப்போதே கெலுகோருக்குத் திரும்ப ஓடினார். இரண்டாவது கட்டு ஏற்கெனவே விற்றுப் போயிருந்தது. அதை வாங்கியவர் நானா.

நானா சூலியா தெருவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வியாபாரி. பள்ளிப் புத்தகம், பேனா, மை, பழைய புத்தகம் எல்லாம் விற்பார். அப்பாவும் அவரும் இளைஞர்களாக இருந்த காலத்திலிருந்து சிநேகிதம். அப்பாவுக்கு அவர் நானா, அதாவது அண்ணன். அவருக்கு அப்பா கிராணியார். எனக்கு அவர் மாமா. ஆங்கிலம் பேசுவார், படிக்க மாட்டார். அந்தக் கட்டை அவர் வாங்கியது மேலே இருந்த அகராதிகளுக்காக. அடியில் இருந்த தடிப் புத்தகம் அவருக்குச் சுமை. அன்றைக்கே அப்பா போய், “நானா, அந்த அடிப் புத்தகம் எனக்கு வேணும், குடுத்துடுங்க” என்று கேட்டிருந்தால் ஒரு வெள்ளிக் காசுக்கோ, ஒரு காப்பிக்கோ கொடுத்திருப்பார்.

அப்பா அப்படிக் கேட்கவில்லை. கடைக்குப் போய், மைப் புட்டிகளைப் பார்ப்பதுபோல் பார்த்து, வானிலையைப் பற்றிப் பேசி, கடைசியில் போகிற போக்கில், “இதென்ன நானா, ரெண்டாம் பாகமா? ஒண்ணு இல்லாம இத யாரு வாங்குவா?” என்றார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் அவருடைய கோளாறு. மனதுக்குப் பிடித்த பொருளைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இதை அம்மாவும் நானும் மட்டுமல்ல, பினாங்கில் காய்கறி விற்பவர்கள் வரை அறிவார்கள்.

நானா சிரித்தார். “ஒண்ணு ஒங்ககிட்டதானே இருக்கு கிராணியாரே. அத எனக்குக் குடுத்துடுங்க. நான் ஜோடியா வித்துக்கிறேன்.”

“என்னுது எதுக்கு ஒங்களுக்கு? நீங்க படிக்கவா போறீங்க?”

“நீங்க மட்டும் படிக்கிறீங்களாக்கும்.”

அன்றிலிருந்து ஆளுக்கொரு பாகம். யாரும் விற்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இதைவிட மோசம், கிராணியார் ஆசைப்படுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நானாவுக்குத் தோன்றிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு லெலோங்கிலும் அவர் அப்பாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமான்களைப் பார்க்காமல், அப்பாவின் முகத்தையே பார்த்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்தால் நானா கையைத் தூக்குவார். இப்படியாக, ஓர் எழுத்தும் படிக்காமல், பொருளாதார நூல்களின் முதல் பதிப்புகளில் பினாங்கிலேயே இரண்டாவது பெரிய சேகரிப்பை அவர் உண்டாக்கிக்கொண்டார். முதலாவது எங்கள் வீட்டில் இருந்தது. மூன்றாவது என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

“கண்ணாடியத் தொடைக்காதீங்கப்பா” என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“வேர்க்குது, தொடைக்கிறேன்.”

“எனக்கும்தான் வேர்க்குது.”

இரண்டாம் பாகத்தின்மேல் அப்பாவுக்கு இருந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. இரு பாகங்களின் உள்ளடக்கமும் முதல் பாகத்தின் முன்பக்கத்தில் அச்சாகியிருந்தது. ஆகவே தன்னிடம் இல்லாத பாகத்தில் என்னென்ன அதிகாரங்கள் இருக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்று, வேலைக்காக ஆட்களைக் கடல் தாண்டிக் கூட்டிச் செல்வதைப் பற்றியது. பிந்திய பதிப்புகளில் அந்த அதிகாரமே கிடையாது; ஆசிரியர் எடுத்துவிட்டார். அப்பாவிடம் இருந்த மலிவுப் பதிப்பில் அந்த இடத்தில் ஏதோ வரியைப் பற்றி எழுதியிருந்தது. எனவே அப்பா தேடிய ‘எவனாவது எழுதி வெச்சிருப்பான்’ என்பது சூலியா தெருவில், ஒரு தகர பிஸ்கட் டின்னுக்குள், பூச்சி வராமலிருக்கப் போட்ட மிளகு கிராம்போடு இருந்தது. நானா சிக்கனக்காரர். கட்டுக்கும் வார்னிஷுக்கும் காசு போடமாட்டார். “கட்டுறது வாங்குறவன் செலவு” என்பார்.

இதற்கிடையில் லண்டனிலிருந்து ஒரு பழைய புத்தக வியாபாரியின் விலைப்பட்டியல் தபாலில் வந்தது. அப்பா எழுதிக் கேட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது, அவர் அந்தப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு என் அறையில், அலமாரிக்கு எதிரே, என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இத படிம்மா” என்றார்.

படித்தேன். அங்கே மதிப்புள்ளவை என்று போட்டிருந்த பிரதிகள் எல்லாம், அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த அதே சாதாரண காகித அட்டையோடு, ஓரம் வெட்டப்படாமல் இருந்தவை. அச்சடித்து மடித்த தாள்களின் ஓர மடிப்புகூட, படிப்பதற்காகக் கத்தியால் பிரிக்கப்படாமல் இருந்தால் இன்னும் மேல். மறுபடி கட்டப்பட்டவை, ஓரம் வெட்டப்பட்டவை எல்லாம் அடியில், சின்ன எழுத்தில், மன்னிப்புக் கேட்பது போல் குறிப்பிடப்பட்டிருந்தன. வார்னிஷ் பூசியவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று லண்டனில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இருவரும் அலமாரியைப் பார்த்தோம். எங்கள் கட்டுக்காரர் சீனர்; கப்பல் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களைக் கட்டித்தான் அவருக்குப் பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைத் துணி, சிவப்புத் தோல் மூலை. வாடகைக்காரர், சோத்துக்காரர், பெரியவர் முதல் பாகம் எல்லோரும் கம்பெனியின் வரவு செலவு போல வரிசையாக மின்னிக்கொண்டு நின்றார்கள்.

“ஒண்ணுகூட இல்லியா?” என்றார் அப்பா.

“நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லப்பா.”

“நானாகிட்ட இருக்கு.”

ஆமாம். கட்டாமல், வெட்டாமல், பூசாமல், மடிப்புகூடப் பிரிக்காமல், பெரியவரின் இரண்டாம் பாகம் நானாவிடம் இருந்தது. அது ஒன்றாவது அப்படியே தன் கைக்கு வர வேண்டும். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு கவலை இல்லை.

நான் நேரான வழியைச் சொன்னேன். மாமாவிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடலாம்: கட்டினால் மதிப்புப் போய்விடும், அப்படியே வைத்திருங்கள், எப்போது மனசு வருகிறதோ அப்போது கொடுங்கள். அப்பா கையை உதறினார்.

“சொன்னா அவருக்கு மூக்குல வேர்த்துடும். அப்பறம் உசுரு போனாலும் குடுக்க மாட்டாரு.”

“சொல்லாம விட்டா கட்டிட்டாருன்னா?”

“அவரா? காசு செலவு பண்ணியா? நீ சும்மா இரு.”

அதோடு விடவில்லை. திடீரென்று வார்னிஷைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினால் நானாவுக்குச் சந்தேகம் வருமாம். எனவே முன்னைவிட அதிகமாகப் பேசத் தொடங்கினார். சனிக்கிழமை மாலைகளில் நானா எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவார். அப்பா முதல் பாகத்தை எடுத்துக் காட்டி, “பாத்தீங்களா நானா, கட்டுன்னா இதுதான் கட்டு. கட்டாத புஸ்தகம் சட்டை போடாத புள்ள மாதிரி” என்பார். நானா அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்ப்பார். நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அங்கே நின்றால் எனக்குத் தலைவலி வரும்.

“ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிட்டா என்ன? பேசுறதுக்குத்தானே வாரவாரம் வராரு” என்பார் அம்மா.

சரக்குப் போக்குவரத்து படுத்துவிட்ட அந்தக் காலத்தில், கப்பல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அப்பாவின் பெயரும் வந்தது. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்க்க வேண்டிய அவசியம் போன பிறகு கடிகாரம் கொடுக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தை நான் வெளியே காட்டவில்லை. அப்பா சில வாரங்கள் அலமாரியைத் திறக்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து, போகிற ரிக்‌ஷாக்களைப் பார்த்தார். லெலோங் நோட்டீஸ் வந்தால் மடித்து வைத்துவிட்டார்.

நானா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை, காப்பி குடித்து முடித்தவர், “கிராணியாரே, ஒங்க மொதப் பாகத்த ஒரு வாரம் குடுங்க. ஒரு வேலை இருக்கு” என்றார்.

அப்பா நிமிர்ந்தார். “எதுக்கு?”

“அளவு பாக்கணும்.”

புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவர் போனபின் அப்பாவின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. “பொட்டி செய்யிறாரும்மா. ரெண்டும் சேந்து வைக்க ஒரு பொட்டி. அதான் அளவு. குடுத்துடப் போறாரு.”

“கேட்டுடலாமாப்பா?”

“கேக்காத. கெடுத்துடுவ.”

அந்த வாரத்திலேயே நானா டிஸ்பென்சரிக்கும் வந்தார். கவுன்டரின் அந்தப் பக்கம் நின்று, “மவளே, ஒங்க வாப்பாவுக்குக் கலந்து குடுப்பியே, அந்த வார்னிஷ் எனக்கும் ஒரு போத்தல் குடு” என்றார்.

“கடைக்கா மாமா?”

“கடைக்குத்தான்லா. ஸ்கூல் தொறக்குது, அகராதியெல்லாம் கரப்பான் திங்குது.”

பள்ளி திறக்கும் காலம்தான் அது. கலந்து கொடுத்தேன். விஷம் என்று சிவப்புத் தாள் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், பூசியபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், விளக்குப் பக்கத்தில் பூசாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பச்சைத் துணியில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பாவின் மடியில் பொட்டலத்தை வைத்து, “தொறங்க கிராணியாரே” என்றார்.

துணியை விலக்குவதற்கு முன்பே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. என் கையால் கலந்த நாற்றம்; எனக்குத் தெரியாதா.

இரண்டு பாகங்களும் இருந்தன. பச்சைத் துணி, சிவப்புத் தோல் மூலை, தங்க எழுத்து. ஒன்றின் உயரத்துக்கு மற்றது மயிரிழை பிசகாமல் வெட்டப்பட்டிருந்தது. இரண்டும் பளபளத்தன.

“அந்தச் சீனன்கிட்டயே குடுத்தேன். மொதப் பாகத்தப் பாத்து அதே மாதிரி வெட்டுன்னேன். ஒரு நாள் முழுக்க பக்கத்துலயே நின்னேன், எங்கயாச்சும் கோணிடப் போறான்னு. வார்னிஷ் நானே பூசினேன், மூணு கை. இப்பப் பாருங்க, எரட்டப் புள்ளைங்க மாதிரி இல்ல? ஜோடியா நீங்களே வெச்சுக்குங்க. காசு பேசக் கூடாது.”

அப்பா இரண்டாம் பாகத்தைக் கையில் எடுத்தார். என் தலைக்குள் ஒரு பட்டியல் தானாக ஓடியது. அது என் பழக்கம். மூல அட்டை போயிற்று. முதுகில் ஒட்டியிருந்த காகிதத் தலைப்பு போயிற்று. மூன்று ஓரமும் போயிற்று. பிரிக்காத மடிப்பு போயிற்று. கடைசியில் இருந்த பதிப்பகத்தாரின் விளம்பரத் தாள்களை, “வெறும் விளம்பரந்தானே” என்று கட்டுக்காரர் தூக்கியெறிந்துவிட்டாராம். நானா அதையும் பெருமையோடு சொன்னார், அவை போனதால் அட்டை இறுக்கமாக உட்கார்ந்ததாம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ரொம்ப நல்லா இருக்கு நானா” என்றார்.

“சட்டை போட்டாச்சுல்ல புள்ளைக்கு?”

“போட்டாச்சு.”

நானா உட்கார்ந்து இரண்டு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “வார்னிஷ எடுக்க முடியுமாம்மா?”

“ஸ்பிரிட் போட்டா எடுத்துடலாம்ப்பா. வெட்டுன ஓரம் வளராது.”

“வளராது” என்றார். “அவருக்குத் தெரிய வேணாம்.”

“இத்தன வருஷம் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சுத்தான இப்படி ஆச்சு” என்றேன். இது ஒன்றைத்தான் நான் சொன்னேன், அதையும் குரலை உயர்த்தாமல். அம்மா சமையலறையிலிருந்து, “நல்லாக் கேளு” என்றார்.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் கோயிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அப்பா சாப்பாட்டு மேசையில் இரண்டாம் பாகத்தை விரித்துவைத்து, பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தார். முதுகு உடையும்படி, முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு. மடிப்புப் பிரிக்காத தாள்களோடு வந்திருந்தால் அதைத் திறந்திருக்கவே மாட்டார். அலமாரிக்குள் சாமி போல வைத்திருப்பார். கட்டுக்காரரின் கத்தி எல்லாத் தாள்களையும் பிரித்துவிட்டிருந்தது. இனிக் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதால் படித்தார். ஓரத்தில் குறிப்பு எழுதினார். ஓரம் குறுகிவிட்டதால் பொடி எழுத்தில் எழுதினார். அம்மா தட்டு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் அந்த அதிகாரத்தைத் தமிழில் சொல்லி நானாவுக்கு வாசித்துக்காட்டினார். ஆட்களைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தவர்கள், விலை ஏறும்போது அவர்களைத் தமது சொத்து போலவும், விலை இறங்கும்போது அந்நியர் போலவும் பேசுவார்கள் என்று பெரியவர் எழுதியிருந்தார். அப்பா அதைச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேசையில் தட்டச்சான பெயர்களெல்லாம் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்கும்.

நானா தாடியைத் தடவினார். “இதுவா? இது என் டின்னுக்குள்ளயா கெடந்துச்சு?”

“ஒங்க டின்னுக்குள்ளதான்.”

“சொல்லியிருக்கலாமே கிராணியாரே. நான் என்னமோ, மிளகுக்குக் காவலா வெச்சிருக்கேன்னு நெனச்சேன்.”

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மன்னித்திருப்பேன். முடியவில்லை. காப்பியைக் குடித்து முடித்த நானா என் பக்கம் திரும்பினார். “மவளே, ஒங்க வாப்பா இவ்வளவு ஆசையாப் படிக்கிறாரே. என் டின்னுகள்ல இன்னும் கெடக்கு, லெலோங்ல இவரு கண்ணாடியத் தொடைச்சப்ப எடுத்ததெல்லாம். எல்லாத்தையும் சீனன்கிட்டக் குடுத்து இதே மாதிரி கட்டிடலாம்னு இருக்கேன். பெரிய போத்தலா ஒண்ணு கலந்து வையி.”

அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயோடு நானாவைப் பார்த்தார், மேசைமேல் இருந்த இரட்டையரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். எதுவும் அவர் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால், மூன்று கை பூசிய மனிதருக்குத் தாம் என்ன செய்தோம் என்பது தெரிந்துவிடும்.

“பாதரச உப்பு தீந்துபோச்சு மாமா” என்றேன். “கப்பல்ல வரணும்.”

“வந்ததும் சொல்லு.”

“சொல்றேன்.”

“வார்னிஷ் இல்லாம கட்டி என்ன புண்ணியம், கரப்பான் திங்கும். வரட்டும்” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

டிஸ்பென்சரியில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று தினமும் சரிபார்ப்பது என் வேலை. ஒரு குன்றிமணி எடை குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நான், கவுன்டருக்குப் பின்னால் பாதரச உப்பு ஜாடி நிறைந்து இருக்க, மாதம்தோறும் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கப்பல் தாமதம் என்றேன். எதிர்க்கரையிலுள்ள பிறைத் துறைமுகத்தில் சாமான் மாறிப்போயிற்று என்றேன். வந்தது, ஆனால் ஈரம் பட்டுவிட்டது என்றேன். டாக்டர் நோயாளிகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டார் என்றேன். ஒவ்வொரு முறையும் நானா என்மேல் பரிதாபப்படுகிறார். “என்ன டிஸ்பென்சரி நடத்துறாங்களோ, ஒரு உப்பு வாங்கி வைக்கத் துப்பில்ல. நீ வேற எடம் பாரும்மா” என்கிறார்.

அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறார். சூலியா தெருவில் தகர டின்கள் மிளகு வாசனையோடு அப்படியே இருக்கின்றன. ஜாடிக்கு முன்னால், அது யார் கண்ணிலும் படாதபடி, ஒரு பெரிய பஞ்சுக்கட்டை நிறுத்திவைத்திருக்கிறேன்.